16-ஆம் நாள் ஊற்றிய கரைசல்: கடுகை முளைக்க வைத்துத் திரவ எருவின் பக்குவம் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழனி மலையின் மேல்பகுதியில், பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் இடைப்பட்ட ஒரு ஊரில் நடந்தது இது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், நடந்ததை மட்டும் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி எழுது என்றார்கள். அப்படியே செய்கிறேன்.

ஒன்றரை ஏக்கர் படிக்கட்டு நிலம். அண்ணன், அக்கா, அண்ணனின் தாயார் மூவரும்தான் வேலை பார்க்கிறார்கள். நான் எங்கள் உழவர் குழுவுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய் வருகிறவன். அந்த வீட்டில் எனக்குத் 'தம்பி' என்றுதான் பெயர். பூண்டு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். இரண்டு மாடு உண்டு. சாணம் தோட்டத்துக்குப் போதாது, அதனால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல் கீழேயிருந்து லாரியில் வரும் கோழி எருவை வாங்கிச் சேர்ப்பார்கள்.

உர மூட்டைச் செலவைக் குறைக்க வேண்டும் என்று மூன்று வருடமாக அவர்கள் முயற்சி செய்து வந்தார்கள். அமிர்தக்கரைசல் போட்டுப் பார்த்து, அதில் திருப்தியும் இருந்தது. அது சாணம், கோமியம், கொஞ்சம் வெல்லம் சேர்த்து ஒரே நாளில் பயன்படுத்துகிற நீர்த்த கரைசல். இதில் நான் எழுதுவது அதைவிடப் பல மடங்கு கனமான ஒன்றைப் பற்றி.

டிரம்மில் போனவை

மலைக்குக் கீழே ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அக்காவின் தம்பி ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். 200 லிட்டர் டிரம்மில் முட்டைக்கோழி எரு 30 கிலோ, பச்சைச் சாணம் 10 கிலோ, கோமியம் 5 லிட்டர், கடலைப் புண்ணாக்கு 3 கிலோ, வெல்லம் 2 கிலோ. மிச்சத்துக்குத் தண்ணீர். காலையும் மாலையும் கலக்கிவிட்டால் 15 நாளில் பக்குவம். ஒரு லிட்டருக்குப் பத்து லிட்டர் தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றலாம். அவர் தோட்டத்தில் கத்தரிக்கும் தக்காளிக்கும் அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

நவம்பர் 12 அன்று இங்கே டிரம்மை நிரப்பினார்கள். வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். மழைநீர் இறங்கிவிடக் கூடாது என்று மூடியை இறுக்கிப் போட்டார்கள். மழையில் தினமும் போய்த் திறக்க முடியவில்லை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் கலக்கினார்கள். டிரம் இருந்த இடம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்புறம், வெயிலே படாத வடக்கு மூலை. ஒட்டன்சத்திரத்தில் அந்த மாதம் பகலில் வெயில் சுடும். இங்கே ராத்திரி 10, 11 டிகிரிக்கு இறங்கும், பகலிலும் நிழலில் 17, 18-ஐத் தாண்டாது. பொதுவாக 10 டிகிரி குளிர்ந்தால் நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்தப் 15 நாள் கணக்கு மலை ஏறியபோது இதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான். டிரம் நிரப்பிய வாரம் நான் அந்த வழியாகப் போனேன், பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

நாற்று கருகியது

நவம்பர் 28, 16-ஆம் நாள். முட்டைக்கோஸ் நாற்றங்காலில் மூன்று பாத்தி, விதைத்து 12 நாள் ஆன நாற்று, விதையிலைக்கு மேலே முதல் இலை எட்டிப் பார்க்கிற பருவம். அண்ணன் ஒன்றுக்குப் பத்து என்று கலந்து பூவாளியில் இரண்டு பாத்திக்கு ஊற்றினார். மூன்றாவது பாத்திக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

டிசம்பர் 1 காலையில் எனக்குப் போன் வந்தது. "பனி அடிச்சிருச்சு தம்பி, நாத்தெல்லாம் போச்சு" என்றார் அக்கா.

போய்ப் பார்த்தபோது முதல் இரண்டு பாத்திகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்று சாய்ந்திருந்தது. இலை விளிம்பு காய்ந்து சுருண்டு, காகிதத்தைத் தீயில் காட்டி எடுத்ததுபோல் இருந்தது. பனி என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் மூன்றாவது பாத்தி பச்சையாக நின்றது. அதே மேடு, அதே வரப்பு, நடுவில் ஒரு முழம் இடைவெளிதான். பனி அப்படிப் பாத்தி பார்த்து விழாது.

அடுத்த சந்தேகம் நாற்றழுகல். அது வந்தால் மண்ணை ஒட்டிய தண்டுப் பகுதி நூலாக இளைத்து, அங்கேதான் முறியும். ஆறேழு நாற்றை மண்ணோடு கெல்லி எடுத்துக் கழுவிப் பார்த்தோம். தண்டு நன்றாக இருந்தது. கெட்டிருந்தது வேர். நுனி பழுப்பாகி மழுங்கியிருந்தது, பக்கவேர் ஒன்றுகூட விடவில்லை. மூன்றாவது பாத்தி நாற்றின் வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது, மண்ணை உதறினாலும் உதிராமல் மண் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு வேர்த்தூவி, அதாவது வேரின் மெல்லிய முடிகள்.

அப்புறம் டிரம் மூடியைத் திறந்தோம். கண் எரிந்தது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் காகிதத்தை நனைத்தபோது 8.5-க்கும் 9-க்கும் நடுவில் காட்டியது. கோழி எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது அம்மோனியா வரும். கரைசல் காரமாக இருந்தால் அது வேருக்கு நஞ்சான வடிவத்தில் அதிகம் நிற்கும். முட்டைக்கோழி தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நிறைய சேர்ப்பதால் அதன் எச்சமும் காரத் தன்மையோடு இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே டிரம்மில் இருந்தது.

அன்று எடுத்த முடிவுகள்

கொட்டிவிடலாம் என்றார் அண்ணன். கொட்டினால் சரிவில் இறங்கி ஓடைக்குத்தான் போகும். கீழே இரண்டு தெருவுக்கு அந்த ஓடைத் தண்ணீர்தான் குடிக்க. அதனால் கொட்டக் கூடாது என்று முதலில் முடிவாயிற்று. கரைசல் கெட்டதா அல்லது இன்னும் ஆகவில்லையா என்பது தெரியாமல் 200 லிட்டரை வீணாக்கவும் எனக்கு மனம் இல்லை.

ஆய்வகத்துக்கு அனுப்புவதைப் பற்றியும் பேசினோம். தழைச்சத்து (நைட்ரஜன்) எவ்வளவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) எவ்வளவு என்று அங்கே சொல்வார்கள். எங்களுக்கு வேண்டிய பதில் வேறு: இந்தக் கரைசல் பட்டால் இளம் வேர் பிழைக்குமா? அதை இளம் வேரிடமே கேட்டுவிடலாம் என்றுதான் முளைப்புச் சோதனைக்கு வந்தோம். மக்கிய உரத்தின் பக்குவத்தை இப்படிப் பார்க்கிற முறையை இத்தாலியில் சுக்கோனியும் உடன் ஆய்வாளர்களும் 1981-ல் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பல ஆய்வகங்களில் அதுதான் அடிப்படை. கரைசலில் எத்தனை விதை முளைத்தது, வேர் எவ்வளவு நீண்டது என்பதை வெறும் தண்ணீரில் முளைத்ததோடு ஒப்பிட்டு ஒரு எண்ணாக்குவார்கள். முளைப்புக் குறியீடு என்று பெயர். தண்ணீர்த் தட்டை 100 என்று வைத்தால், 50-க்குக் கீழே வந்தால் கரைசல் நஞ்சு, 50-க்கும் 80-க்கும் நடுவில் இன்னும் அரைப் பக்குவம், 80-ஐத் தாண்டினால் பயிருக்கு ஆபத்தில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டில் இதற்குக் கார்டன் கிரெஸ் என்கிற ஆலிவிதையை எடுப்பார்கள். நாங்கள் கடுகை எடுத்தோம். சின்ன விதைக்குள் சேமிப்பு குறைவு, நஞ்சு பட்டால் உடனே காட்டிவிடும். அதோடு கடுகும் முட்டைக்கோஸும் ஒரே குடும்பம். முட்டைக்கோஸ் விதையையே போட்டிருக்கலாமே என்று அக்கா கேட்டார். கம்பெனி விதையில் பூஞ்சணக்கொல்லி பூசி வருகிறது, அந்தப் பூச்சே முளைப்பை மாற்றிக் காட்டலாம். கடுகு அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது.

முதல் சோதனை வீணானது

டிசம்பர் 3. சின்ன எவர்சில்வர் தட்டுகளில் வெள்ளை டிஷ்யூ தாளை நாலாக மடித்துப் போட்டு, வேட்டித் துணியில் வடித்த கரைசலை ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி விட்டு, தட்டுக்கு 25 கடுகு பரப்பி மூடினோம். தண்ணீருக்கு ஒரு தட்டு, நீர்க்காத கரைசலுக்கு ஒரு தட்டு. அடுப்படி அலமாரியில் வைத்தோம்.

48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் கரைசல் தட்டில் ஒன்றுமில்லை. தண்ணீர்த் தட்டில் மூன்றே மூன்று விதை வெடித்திருந்தது.

அண்ணன் கரைசல் தட்டை மட்டும் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, விஷம்தான்" என்றார். தண்ணீர்த் தட்டு பக்கத்தில் இல்லாவிட்டால் நானும் அதையே சொல்லியிருப்பேன். தண்ணீரிலேயே முளைக்காத விதையை வைத்துக் கரைசலைக் குற்றம் சொல்ல முடியாது. அடுப்படியில் ராத்திரி வெப்பம் 12 டிகிரி. இந்தச் சோதனைக்கு 20-லிருந்து 25 டிகிரி வேண்டும். புத்தகத்தில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருக்கும் வார்த்தை எங்கள் அறைக்குப் பொருந்தாது.

இதற்கு வழி சொன்னது அண்ணனின் தாயார். "கோழி அடை வைக்கிற மாதிரி வைங்கடா" என்றார். மீன் வருகிற தெர்மாக்கோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அடியில் வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டிலைத் துணியில் சுற்றிப் படுக்க வைத்து, மேலே ஒரு பலகை, பலகை மேல் தட்டுகள். ஒரு தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டோம். காலை, மாலை, படுக்கப் போகும் முன் என்று மூன்று தடவை வெந்நீர் மாற்றினால் 20-க்குக் கீழே இறங்காமல் நின்றது. அந்த வேலையை மூன்று நாளும் அவரே பார்த்தார்.

இரண்டாவது சோதனை

டிசம்பர் 6 அன்று வைத்து 9-ஆம் தேதி எடுத்தோம். டிரம்முக்கு அப்போது 24-ஆம் நாள். இந்த முறை நாலு வகை: தண்ணீர், நீர்க்காத கரைசல், ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு இருபது. வகைக்கு இரண்டு தட்டு, 50 விதை. 72 மணி நேரம் விட்டோம்.

வேரை அளக்கும்போது ஒரு குழப்பம் வந்தது. ஒரே வகையின் இரண்டு தட்டில் என் கணக்கும் அக்காவின் கணக்கும் ஒன்றுக்கொன்று பாதி வித்தியாசப்பட்டது. பார்த்தால் அவர் முளையை நுனியிலிருந்து இலை வரை முழுசாக அளந்திருக்கிறார், நான் வேரை மட்டும் அளந்திருக்கிறேன். வேரும் தண்டும் சேரும் இடத்தில் லேசாகத் தடித்து நிறம் மாறும், வேர்த்தூவி அங்கே முடியும். அதுவரைதான் வேர். கறுப்புத் துணி மேல் முளையை வைத்து அளந்தால் அந்த இடம் நன்றாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம்.

தண்ணீரில் 50-க்கு 46 முளைத்து, சராசரி வேர் 32 மி.மீ. நீர்க்காத கரைசலில் ஒன்றும் இல்லை. ஒன்றுக்குப் பத்தில் 21 விதை, வேர் 9 மி.மீ. ஒன்றுக்கு இருபதில் 37 விதை, வேர் 17 மி.மீ.

கணக்கு இப்படி. ஒன்றுக்குப் பத்தை எடுத்தால் முளைப்பு 46-க்கு 21, அதாவது 46 சதவீதம். வேர் 32-க்கு 9, அதாவது 28 சதவீதம். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் 13. அண்ணன் நாற்றுக்கு ஊற்றிய அதே அளவுக்குக் கிடைத்த எண் இது. ஒன்றுக்கு இருபதுக்கு 43 வந்தது.

ஒன்றுக்கு இருபது தட்டை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 37 விதை முளைத்திருக்கிறது, மேலோட்டமாகப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் வேர் பாதிதான், பல முளைகளில் நுனி கொக்கிபோல வளைந்து பழுப்பேறியிருந்தது. பாத்தியில் கெல்லிப் பார்த்த அதே வேர். முளைத்ததை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. முளைக்கும் சக்தி விதைக்குள்ளேயே இருக்கிறது. நீள்வதற்குத்தான் வேர் வெளியே வந்து கரைசலைத் தொட வேண்டியிருக்கிறது.

டிரம்மைப் பிரித்தோம்

அடுத்து என்ன செய்வது என்பதில் குழுவில் ஆளுக்கொரு யோசனை. இன்னும் இரண்டு கிலோ வெல்லம் போடு, கனிந்த வாழைப்பழம் போடு, மோர் ஊற்று. நான் வேண்டாம் என்றேன். இனிப்பு சேர்த்தால் புதிதாக ஒரு புளிப்பு தொடங்கும், அசிட்டிக் அமிலம் போன்றவை உண்டாகும், அவையும் இளம் வேருக்கு ஆகாது. எது எதனால் மாறியது என்று பிறகு பிரித்துச் சொல்லவும் முடியாது.

டிசம்பர் 10-ல் 50 லிட்டரை ஒரு சின்ன டிரம்முக்கு மாற்றி, முன்போலவே மூடி அதே வடக்கு மூலையில் விட்டோம். மிச்சத்தைத் தெற்குச் சுவரோரம், வெயில் படுகிற இடத்துக்கு நகர்த்தினோம். மூடியை எடுத்துவிட்டுச் சாக்கு கட்டி, மழைக்கு மேலே ஒரு தகரம் உயர்த்தி வைத்து, காலையும் மாலையும் நூறு சுற்றுக் கலக்கினார்கள்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு என்பதை அப்போதே சொல்லிவிட்டேன். திறந்து கலக்கும்போது அம்மோனியா காற்றில் போகும். போவது காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து. மெதுவாகப் பக்குவமானால் மிச்சப்படும், ஆனால் குளிரில் எத்தனை மாதம் ஆகும் என்று காத்திருக்க நிலம் சும்மா கிடக்க வேண்டும். கொஞ்சம் சத்துப் போனாலும் பரவாயில்லை என்று அண்ணன் தீர்மானித்தார். அது சரியான தீர்மானம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வாடை போனது, எண் ஏறவில்லை

டிசம்பர் 27, 45-ஆம் நாள். திறந்த டிரம்மில் நெடி முழுக்கப் போயிருந்தது. மழை பெய்த மண் வாசனை மாதிரி ஒன்று வந்தது, நுரை அடங்கி, நிறம் கறுத்திருந்தது. அனுபவப்பட்ட மூன்று பேர் வந்து பார்த்து ஆயிற்று என்றார்கள். மறுநாற்று விட வேண்டிய அவசரமும் இருந்தது.

"வாடையே இல்ல, இன்னும் என்ன தம்பி பாக்கணும்?" என்று கேட்டார் அக்கா.

அன்று வைத்த தட்டுகளை 30-ஆம் தேதி எடுத்தோம். தண்ணீரில் 45 விதை, 31 மி.மீ. திறந்த டிரம் ஒன்றுக்குப் பத்தில் 36 விதை, 19 மி.மீ., குறியீடு 49. ஒன்றுக்கு இருபதில் 41 விதை, 26 மி.மீ., குறியீடு 76. மூடிய டிரம் ஒன்றுக்குப் பத்தில் 24 விதை, 11 மி.மீ., குறியீடு 19. மூடிய டிரம்மில் அம்மோனியா நெடி குறைந்து, கெட்டுப்போன வெண்ணெய் வாடை ஏறியிருந்தது. காற்றில்லாத ஊறலில் பியூட்ரிக் அமிலம் சேர்ந்தால் வருவது அது.

மூக்கு பொய் சொன்னது என்று நான் சொல்ல மாட்டேன். நெடி இருந்தால் ஆகவில்லை என்பது உறுதி. நெடி போனால் ஆயிற்று என்பதுதான் உறுதியில்லை. அந்த நாளில் ஒன்றுக்குப் பத்து ஊற்றியிருந்தால் இரண்டாவது நாற்றும் அடிபட்டிருக்கும்.

ஒரேயடியாக நிறுத்தி வைக்காமல் நடுவழி ஒன்று எடுத்தோம். வளர்ந்து நிற்கும் பயிர் நாற்றைவிடத் தாங்கும். அதனால் ஒன்றுக்கு இருபது கலந்து பூண்டில் ஒரே ஒரு பாத்திக்கு ஊற்றி, பக்கத்துப் பாத்தியை வெறும் தண்ணீரோடு விட்டோம். பத்து நாள் பார்த்தோம். பூண்டு இலையின் நுனி காயவில்லை, இரண்டு பாத்திக்கும் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகே மற்றப் பூண்டுப் பாத்திகளுக்குக் கொடுத்தார்கள்.

பொங்கலுக்குப் பிறகு

ஜனவரி 17, 66-ஆம் நாள் வைத்து 20-ல் எடுத்தது இது. தண்ணீரில் 47 விதை, 33 மி.மீ. திறந்த டிரம் ஒன்றுக்குப் பத்தில் 44 விதை, 29 மி.மீ., குறியீடு 82. ஒன்றுக்கு இருபதில் 46 விதை, 34 மி.மீ., குறியீடு 101. தண்ணீரைவிட ஒரு மயிரிழை அதிகம். அக்கா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தாயாரிடம் காட்டினார். வேர்த்தூவி வெள்ளைப் பஞ்சுபோல் தாளெங்கும் படர்ந்திருந்தது, முளையைத் தூக்கினால் தாளும் சேர்ந்து வந்தது.

மூடிய டிரம்மின் குறியீடு 28-ல் நின்றது.

நீர்க்காத கரைசலில் அன்றும் ஐந்தே விதைதான் வெடித்தது, வேர் 4 மி.மீ., குறியீடு 1. பக்குவம் வந்த பிறகும் ஏன் இப்படி என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. இங்கே தடுப்பது உப்பு. கோழி எருவில் இருக்கும் உப்புகள் எத்தனை நாள் ஊறினாலும் எங்கும் போகாது, தண்ணீர் சேர்த்தால்தான் குறையும். அம்மோனியாவும் அமிலமும் நாளாக நாளாகக் குறையும். ஆகவே ஒரே அளவு நீர்த்த கரைசலின் எண் வாரா வாரம் ஏறினால் அது பக்குவமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எத்தனை வாரம் போனாலும் எண் நகராமல், தண்ணீர் கூட்டினால் மட்டும் ஏறினால், பிரச்சினை உப்பு. நீர்க்காத தட்டை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டுத் தன் கரைசலையே கொட்டிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயலில் எந்த அளவில் ஊற்றப் போகிறோமோ அந்த அளவுக்குத்தான் முதல் தட்டு வைக்க வேண்டும்.

விளைவு

முட்டைக்கோஸ் மறுநாற்று ஜனவரி 22-ல் விட்டார்கள். ராத்திரி உறைபனிக்கு வைக்கோல் மூடி, காலையில் எடுத்தார்கள். விதைத்த 18-ஆம் நாள் நாலு பாத்தியில் இரண்டுக்கு ஒன்றுக்கு இருபது கரைசல், இரண்டுக்குத் தண்ணீர். கரைசல் ஊற்றிய பாத்தியில் நாற்று ஒன்றும் சாகவில்லை. இரண்டு வாரத்தில் இலையின் பச்சை கூடியது, கண்ணுக்கே தெரிந்தது. மார்ச் முதல் வாரம் நடவு முடிந்தது. முதல் நாற்று தப்பியிருந்தால் ஜனவரி தொடக்கத்திலேயே நட்டிருப்பார்கள். ஒரு பாக்கெட் வீரிய விதையும் இரண்டு மாதமும் போனது. கோடையில் தண்ணீர் இறைக்க வேண்டி வந்தது அதற்கு மேல்.

கேரட்டுக்கு ஊற்றுவதை மட்டும் நான் தடுத்தேன். இதில் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 82 வந்த பிறகும் ஏன் என்று கேட்டார். முளைப்புச் சோதனை வேருக்கு நஞ்சா என்பதைத்தான் சொல்லும், மனிதருக்கு நோய் தருகிற கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. கோழி எருவில் சால்மோனெல்லா இருக்கலாம், சாணத்தில் ஈ கோலி இருக்கலாம். கேரட்டைப் பச்சையாகக் கடித்துத் தின்கிறார்கள், அது மண்ணுக்குள்ளேயே விளைகிறது. அமெரிக்க இயற்கை வேளாண் விதியில், மண்ணைத் தொடும் உணவுப் பயிர்களுக்கு மக்காத எரு போட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும் என்று இருக்கிறது. இங்கே கேரட் ஏறக்குறைய நூறு, நூற்றிருபது நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அப்படியானால் விதைப்பதற்கு முன்பே நிலத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், பயிர் நிற்கும்போது கொடுக்கக் கூடாது. குழுவில் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

இனி மாற்றிச் செய்வது

முதல் மாற்றம் எனக்குத்தான். டிரம் நிரப்பும்போதே எந்த மாதம், டிரம் எந்த மூலை, மூடியா திறந்தா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். அக்காவின் தம்பி சொன்ன கணக்கில் கலக்கச் சொன்னதும் இருந்தது, மழை அதை விழுங்கிவிட்டது. மழை மாதத்தில் தொடங்குவதானால் கூரையை முதலில் போட்டுவிட்டு டிரம்மைப் பிறகு நிரப்ப வேண்டும்.

கோழி எரு 30 கிலோ என்பது இந்தக் குளிருக்கு மிக அதிகம். அடுத்த டிரம்மில் 10 கிலோவாகக் குறைத்து, சாணத்தை 20 ஆக்கினார்கள். வெல்லத்தை அரைக் கிலோவாக்கினார்கள்.

புதுக் கரைசலை முதன்முதலில் நாற்றங்காலில் ஊற்றியது எல்லாவற்றிலும் பெரிய தப்பு. தோட்டத்திலேயே மிக மென்மையான பயிர் அது. ஒரு பாத்தி, அதுவும் வளர்ந்த பயிரில், பக்கத்தில் ஊற்றாத பாத்தியோடு தொடங்கியிருக்க வேண்டும். மூன்றாவது பாத்தி இருட்டினால் தப்பியது. அது தப்பியிருக்காவிட்டால் பனி என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாற்றுக்கும் அதையே ஊற்றியிருப்பார்கள்.

வகைக்கு இரண்டு தட்டு போதாது, மூன்று வேண்டும். ஒரு தட்டில் தாள் காய்ந்துபோனால் மிச்சம் ஒன்றை வைத்து எதுவும் பேச முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே பொட்டலத்துக் கடுகு எடுக்க வேண்டும், அதனால் நூறு கிராம் தனியாகப் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். தண்ணீர்த் தட்டில் 25-க்கு 20-க்குக் கீழே முளைத்தால் அந்தச் சோதனையையே கணக்கில் எடுப்பதில்லை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஊற்றுத் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ எடுத்துக்கொள்ளலாம்.

தெர்மாக்கோல் பெட்டி இப்போது அந்த வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் ஏழெட்டுப் பேர் பழைய தண்ணீர் பாட்டிலில் தங்கள் கரைசலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வந்து எண் கேட்டுப் போகிறார்கள். வெந்நீர் மாற்றுவது இன்னும் தாயார்தான்.

மூடிய சின்ன டிரம்மை ஏப்ரல் முதல் வாரத்தில் கடைசியாகச் சோதித்தோம். ஒன்றுக்குப் பத்துக்குக் குறியீடு 61. அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று, ஓடையிலிருந்து தள்ளி இருக்கும் எருக்குழியில் காய்ந்த சருகுக்கு மேல் அந்த 50 லிட்டரையும் ஊற்றி மண் போட்டு மூடினார் அண்ணன்.